தோமையாருக்கு இரண்டு திருநாள்

இந்தியா முழுமைக்கும் பாதுகாவலர் என்று பெயர். ஆனால் பனைமேட்டுக்குப்பத்தில் தன் திருநாள் எது என்று அப்போஸ்தலர் தோமையாராலேயே சொல்ல முடியாது. காலங்காலமாக டிசம்பர் இருபத்தொன்றில் கொண்டாடி வந்தார்கள். ரோமாபுரியில் யாரோ பெரியவர்கள் உட்கார்ந்து காலண்டரைத் திருத்தி, இனிமேல் ஜூலை மூன்று என்று சொல்லிவிட்டார்கள். செய்தி ஏரிக்கரைக்கு வந்தபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர், "அவர கேட்டுக்கினா மாத்துனாங்கோ?" என்று பங்குச் சாமியாரிடமே சண்டைக்குப் போனார்கள். கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். பாட்டுப்பூசையும் தேரும் நாடகமும் ஜூலையில். அது புது நாள். டிசம்பரில் ஆரவாரம் கிடையாது. மெழுகுவத்தி ஏற்றுவார்கள், நாடகச் சாமான்களை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார்கள். அது பழைய நாள்.

இந்த இரண்டு நாளுக்கும் நடுவே கிடந்த ஐந்தரை மாதத்தை நம்பித்தான் தேசப்பன் கெட்டுப்போனான்.

தேசப்பன் கிறிஸ்தவன் இல்லை. குப்பத்தில் கோயில் தெரு, அம்மன் தெரு என்று இரண்டே தெரு. கோயில் தெருவில் தோமையாரைக் கும்பிடுகிறவர்கள், அம்மன் தெருவில் கங்கையம்மனைக் கும்பிடுகிறவர்கள். மற்றபடி ஒரே சாதி, ஒரே ஏரி, ஒரே மாமன் மச்சான் உறவுதான். தோமையார் நாடகத்தைப் பழைய நோட்டுப் புத்தகத்தில் விருத்தமும் பாட்டுமாக எழுதி வைத்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் அரசனின் சேவகன் தோமையாரை ஈட்டியால் குத்த வேண்டும். எங்கள் சாமியை எங்கள் கையாலேயே குத்துவதா என்று கோயில் தெருக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள, அதற்கென்ன, நாங்கள் குத்துகிறோம் என்று அம்மன் தெருவில் ஒரு குடும்பம் ஈட்டியை வாங்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் வாரிசு தேசப்பன். பதினாறு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தான். பதினாறு வருஷமும் குத்து வாங்கியவர் கோயில் தெரு சந்தியாகு.

குத்துவது அவ்வளவு சுலபமும் இல்லை. ஈட்டி எடுக்குமுன் சேவகன் மண்டியிட்டுப் பாட வேண்டும்:

"மன்னன் சொல்லால் ஈட்டி எடுத்தேன், மனதில் பகையே இல்லை ஐயா;
என்ன குற்றம் செய்தேன் என்று இதோ சொல்வேன், பொறுத்தருளும்."

அதற்குப் பிறகு நோட்டில் எழுத்து இருக்காது, இரண்டு விரற்கடை வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தில் சேவகன் வேஷக்காரன், அந்த வருஷம் தான் தோமையார் வேஷக்காரருக்குச் செய்த குற்றத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சேவகன் தோமையாருக்குச் செய்தது அல்ல. தேசப்பன் சந்தியாகுவுக்குச் செய்தது. அவர் "பொறுத்தேன்" என்பார். பிறகு அவர் தன் குற்றம் ஒன்றைச் சொல்ல, இவன் "பொறுத்தேன்" என்பான். இரண்டும் சொல்லி முடியாமல் ஈட்டியைத் தரையிலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்த வருஷம் ஏரி மீன் கொடுக்காது என்று இரண்டு தெருவும் நம்பியது.

நாளாக நாளாக அது நாடகத்தின் சிரிப்புக் கட்டமாகிவிட்டது. "உன் சேவல நாந்தான் அடிச்சி துன்னேன்" என்று ஒரு வருஷம். "உன் படகுத் துடுப்ப அடுப்புல வெச்சேன்" என்று இன்னொரு வருஷம். ஜனம் இந்தக் கட்டத்துக்காகவே காத்திருக்கும். நாடகம் முடிந்ததும் ஈட்டி தோமையார் வேஷக்காரர் வீட்டுக்குப் போய்விடும், தோமையாரின் அங்கி சேவகன் வீட்டுக்கு வந்துவிடும். ஒருவர் பொருள் மற்றவர் வீட்டில் இருந்தால் வருஷம் பூராவும் பகை வராது என்று கணக்கு.

அந்த வருஷம் மாசி மாதம் சந்தியாகுவின் ஒரே மகன் அருளப்பன் செத்துப்போனான்.

ஏரியில் இறால் குறைந்து, கும்மிடிப்பூண்டியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைபோக்கிகள் எழும்பிய காலம் அது. தேசப்பன் முதலில் ஒரு கம்பி மில்லுக்குப் போனான், பிறகு அருளப்பனையும் கூட்டிப்போனான். சுண்ணாம்புக்குளம் வரை நடை, அங்கிருந்து பஸ். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பி, உருளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் நீண்டு வரும். அதை இடுக்கியால் கவ்விப் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குக் கொடுக்க வேண்டும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அதைத்தான் செய்தார்கள். பிடி தப்பினால் கம்பி பாம்பு மாதிரித் துள்ளும். ஆள்மேல் விழாமல் தடுக்க ஓர் இரும்புத் தகடு உண்டு. அந்தத் தகடு உடைந்து மூன்று நாளாகிவிட்டது. தேசப்பன்தான் போய்ச் சூப்பர்வைசர் ஆதிகேசவனிடம் சொன்னான். "ஞாயித்துக்கெழம மிஷினு நிக்கும்போது மாத்திக்கலாம், ஓட்டு" என்று பதில் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கம்பி துள்ளியது. அருளப்பனுக்கு இருபத்துநாலு வயது. தவசுக்காலம் முடிந்து ஈஸ்டர் வந்ததும் கல்யாணம் என்று நிச்சயம் பண்ணியிருந்தார்கள்.

மறுநாள் தேசப்பனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை அவன் வாசல்படியைக்கூட மிதித்திராத ரூம். நாற்காலி போட்டார்கள், ஃபேன் போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். ஆதிகேசவன் ஒரு காகிதத்தை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை படித்துக்காட்டினான். மேற்படி அருளப்பன் அன்று காலை மது அருந்திய நிலையில் வேலைக்கு வந்தான், தடுப்புத் தகடு நல்ல நிலையில் இருந்தது, பக்கத்தில் நின்ற சாட்சி இதை உறுதி செய்கிறான். படித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"விசாரணைன்னு வந்தா மில்ல மூடிடுவாங்கோ தேசப்பா. அறுவது ஊட்ல அடுப்பு எரியாது. போன புள்ள திரும்பி வரப்போறதில்ல. நீயும் எத்தினி நாளைக்கி டெம்பரவரியாவே கீறது, சொல்லு."

தெரியாமல் கைநாட்டு வைத்தேன் என்று தேசப்பன் பிற்பாடு தன்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறான். ஒட்டவில்லை. இரண்டு முறை படித்துக்காட்டியதை அவன் இரண்டு முறையும் கேட்டான். நாடகத்தில் நானூறு வரியைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவன். அந்தக் காகிதமும் ஒரு சொல் விடாமல் மனதில் ஏறிவிட்டது. கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தான். சித்திரையில் அவனைப் பர்மனென்ட் ஆக்கினார்கள்.

காகிதத்தில் இருந்தது மில்லோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் சந்தியாகு அவனைத் தேடிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார். நெடுநெடுவென்ற ஆள், மேடை ஏறினால் நிஜத் தோமையார் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றும். அன்றைக்கு முதுகு கூனியிருந்தது.

"மாப்ள, உன்ன ஒண்ணு கேக்கணும். நீ அவம் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்த?"

"ஆமா மாமா."

"அவங்கிட்ட வாடை அடிச்சுதா?"

"இன்னா வாடை மாமா?"

"முந்தின நாளு சாயங்காலம் நாந்தான் ஊத்திக் குடுத்தேன். சூளூர்பேட்டையிலேர்ந்து ஒரு பாட்டிலு வாங்கியாந்தேன். கல்யாணம் கட்டிக்கப் போற புள்ள, நைனாவோட ஒரு தபா குந்திக் குடிக்கட்டுமேன்னு ஒரு கிளாசு. ஒரே கிளாசு மாப்ள. காத்தால எழுந்து நாஷ்டா துன்னுட்டு நல்லாத்தான் கெளம்பிப் போனான். மில்லுல, குடிச்சிட்டு வந்தான், அதான் சாவுன்னு சொல்றாங்கோ. நான் நம்பல. யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ கிட்ட இருந்தவன். நீ சொன்னா நம்புறேன்."

அந்தக் கிளாஸ் விஷயம் தேசப்பனுக்கு அதுவரை தெரியாது. ஆதிகேசவன் வாய்க்கு வந்ததை எழுதிய ஒரு பொய், ஒரு தகப்பன் ஆசையாக ஊற்றிக் கொடுத்த கிளாசில் போய்ப் பொருந்தி உட்காரும் என்று எவன் கண்டான்? இல்லை மாமா, ஒரு வாடையும் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் அப்படி எழுதினார்கள், சாட்சி யார் என்று வரும். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்தான் பாவி.

"லேசா அடிச்சுது மாமா."

சந்தியாகு ஏரிப் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்ப நாந்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் கிளாசில் எதையும் குடிக்கவில்லை. டீக்கடையில் கிளாசை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் சொம்பில் தண்ணீர் குடித்தார். மனைவி விக்டோரியா இருந்த இரண்டு கிளாசையும் எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டாள். இதையெல்லாம் தேசப்பனின் மனைவி செங்கம்மாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கேட்டு வந்து சோறு போடும்போது சொன்னாள். அவளிடம் மட்டும் அவன் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான்.

"இந்தத் தபா நாடகத்துல சொல்லிடு" என்றாள் அவள். "அதுக்குத்தானே அந்த எடம் கீது? ஊரே கேக்கும். அந்த ஆளு நெஞ்சுல கீற பாரம் எறங்கும்."

"மில்லுல தொரத்திடுவாங்கோ."

"தொரத்துனா தொரத்தட்டும். ஏரி எங்கியும் போயிடல. உன்னால எனக்கு விக்டோரியா அத்த மொகத்துல முழிக்க முடியல."

தேசப்பன் சொல்லிவிடுவதென்றே முடிவு செய்தான். ஜூன் மாதம் பூராவும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த இரண்டு விரற்கடை இடத்துக்கான வார்த்தைகளைக் கட்டி உருப்போட்டான். அருளு குடிக்கவில்லை, தகடு உடைந்திருந்தது, பொய்ச்சாட்சி வைத்தவன் நான். மூன்றே வாக்கியம்.

சந்தியாகு இந்த வருஷம் வேஷம் கட்டுவாரா என்பதே ஊருக்குச் சந்தேகமாக இருந்தது. "கட்டுறேன். எனக்கு அந்த எடம் தேவையா கீது" என்றாராம் சாமியாரிடம். எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை மூன்றாம் தேதி. ராத்திரி ஏரிக்குப் போகிறவர்களுக்காக அந்த ஊரில் நாடகம் மாலை நாலு மணிக்கே தொடங்கிவிடும். தேசப்பன் சேவகன் உடுப்போடு திரையை விலக்கிப் பார்த்தான். மேடைக்கு மேலே புதுத் துணியில் பெரிய எழுத்துகள். தனக்குப் படிக்கத் தெரியாததால் பக்கத்தில் நின்றவனைக் கேட்டான். "மைக் செட், பந்தல், உங்க மில்லு உபயம்" என்றான் அவன். முன்வரிசையில் சாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் மாலையும் கழுத்துமாக ஆதிகேசவன் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தான். சாவு விழுந்த ஊரில் மில்லுக்கு நல்ல பெயர் வேண்டுமல்லவா. தேசப்பனைப் பார்த்ததும் சிரித்துக் கையை உயர்த்தினான். அந்தக் கையில் ஒரு மிரட்டலும் இல்லை. தெரிந்தவனைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. அதைத் தாங்க முடியாமல் தேசப்பன் திரையை இழுத்து மூடினான்.

நாடகம் நடந்தது. காயத்தில் விரலை விட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று தோமையார் பாடும் விருத்தத்தைச் சந்தியாகு பாடியபோது, எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பழகிய கிழவர்களே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தோமையார் கடல் தாண்டி வந்தார், புதுமைகள் செய்தார், அரசனுக்குக் கோபம் வந்தது. சேவகன் மேடை ஏறினான். ஈட்டியைத் தரையில் வைத்து மண்டியிட்டுப் பாடினான். பாட்டு நின்றது. ஜனம் சிரிக்கத் தயாராக முன்னே சாய்ந்தது.

மைக் அவன் வாய்க்கு நேரே இருந்தது. சந்தியாகு குனிந்து பார்த்தார். வெள்ளை அங்கிக்குள் அவர் உடம்பு பாதியாகியிருந்தது. மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் வந்து நின்றன. முன்வரிசையில் ஆதிகேசவன் கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உன்னிப்பாகப் பார்த்தான்.

"போன தையில..." என்றான் தேசப்பன். "போன தையில உன் வலையில மாட்டிக்கினு இருந்த ரெண்டு நண்ட நான் எடுத்துக்கினு போயி கொழம்பு வெச்சேன் மாமா. பொறுத்துக்கோ."

ஜனம் கொல்லென்று சிரித்தது. ஆதிகேசவனும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். பெண்கள் பக்கத்தில் செங்கம்மாள் மட்டும் எழுந்து வெளியே போவது தெரிந்தது.

"பொறுத்தேன்" என்றார் சந்தியாகு. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்த நெட்டை மனுஷர் மெதுவாகத் தானும் மண்டியிட்டார். வழக்கத்தில் தோமையார் மண்டியிடுவதில்லை. இரண்டு பேர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"எங் குத்தத்தையும் நீ கேளு மாப்ள. எம் புள்ளைக்கி நான் எங் கையாலயே சாராயம் ஊத்திக் குடுத்தேன். அவன் அத்தோட வேலைக்கி வந்து உங் கண்ணெதுருல செத்தான். கூட நின்ன உனக்கு அந்தக் கண்ராவிய பாக்க வெச்சவன் நான். எம் புள்ளய கொன்னவன் நான். ஊருக்கு முன்னால உங்கிட்ட கேக்குறேன். என்ன நீ பொறுத்துக்கணும்."

மைக் அதை ஏரி வரைக்கும் கொண்டுபோனது. ஒரு குழந்தைகூட அழவில்லை. சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். கோயில் தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐயோ, இந்த ஒரு வார்த்தையை நான் எப்படிச் சொல்வேன் என்று தேசப்பன் உள்ளே கதறினான். சொல்லாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். சந்தியாகு காத்திருந்தார். கண் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பொறுத்தேன்" என்றான் தேசப்பன்.

குற்றம் செய்தவன் செய்யாதவனுக்கு மன்னிப்புக் கொடுத்தான். அதற்கு ஊரே அழுதது. பிறகு அவன் ஈட்டியை எடுத்துக் குத்தினான். அங்கிக்குள் கட்டியிருந்த சாயப் பஞ்சு நனைந்து நெஞ்சில் சிவப்பு பரவ, சந்தியாகு விழுந்தார். நாடகம் முடிந்து மங்களம் பாடிய பிறகும் அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆதிகேசவன் மேடைக்கே வந்து தன் கழுத்து மாலையைக் கழற்றித் தேசப்பனுக்குப் போட்டான். "பின்னிட்ட தேசப்பா, அந்த ஒரு வார்த்தயில பின்னிட்ட" என்றான்.

வழக்கப்படி அங்கி தேசப்பன் வீட்டுக்கு வந்தது. செங்கம்மாள் அதை மூன்று தடவை துவைத்தும் நெஞ்சுப் பக்கத்துக் கறை போகவில்லை. அவனிடம் அவள் அதிகம் பேசவில்லை. ஒருநாள் அவனே சமாதானம் சொன்னான்: "பழைய நாளு வருது இல்ல. அன்னிக்கி மில்லுக்காரன் வரமாட்டான், மைக்கு இல்ல. மாமா ஊட்டுக்குப் போயி சொல்லிடுறேன்." அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு எதற்கு டிசம்பர், அடுத்த தெருவில்தானே சந்தியாகு இருக்கிறார் என்று கேட்க அவளுக்குத் தெரியாதா? கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. ஆவணியில் போகலாம் என்று ஒருமுறை கோயில் தெரு முனைவரை நடந்தான். சந்தியாகு சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் யாரும் ஏரிக்குள் போகவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பிய தேசப்பன், பஸ்ஸுக்குப் போகக் கரையோரமாக நடந்தான். சந்தியாகுவின் படகு முளையில் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஏதோ வெள்ளையாக மிதந்தது. இடுப்பளவுத் தண்ணீர். நாற்பது வருஷம் அந்த ஏரியில் பிழைத்த சந்தியாகு இடுப்பளவுத் தண்ணீரில் தவறி மூழ்கிப் போகமாட்டார்.

தேசப்பன் தண்ணீரில் இறங்கி அவரைத் தூக்கிக் கரையில் போட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை. பிறகு எழுந்து, முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் படகை உள்ளே தள்ளிக்கொண்டுபோய்த் தோள் கொடுத்துக் கவிழ்த்தான். தன் கையால் செத்தவனைக் கோயில் கல்லறையில் வைக்க மாட்டார்கள் என்பது அம்மன் தெருக்காரனுக்கும் தெரியும். சாமியார் வந்து கேட்டபோது, "படகு கவுந்து கெடந்துச்சு சாமி, நான் எங் கண்ணால பாத்தேன்" என்றான். பக்கத்தில் நின்ற சாட்சி என்று இரண்டாவது தடவை. இந்தப் பொய்யும் செல்லுபடியானது. சந்தியாகுவை மகனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

டிசம்பர் இருபத்தொன்று வந்தது. தேசப்பன் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, அங்கியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு காலையிலேயே கோயில் தெருவுக்குப் போனான். போகாதே என்று செங்கம்மாள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விக்டோரியா கருப்புச் சேலையில் வீட்டு நடுவே பாயில் உட்கார்ந்து, ஈட்டியை மடியில் கிடத்தி எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த தோமையார் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்தது.

"வா தேசா. அங்கிய அப்டி வெய்யி."

அவன் வைத்தான். பிறகு மண்டியிட்டான்.

"அத்த, ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். உடைந்த தகடு, ஆபீஸ் ரூம், காப்பி, இரண்டு முறை படித்த காகிதம், கட்டைவிரல். "அருளு குடிக்கல அத்த. துளிகூட வாடை இல்ல. மாமா ஊத்துன கிளாசுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்ல. அடிச்சுதுன்னு நான் சொன்னது பொய்யி."

விக்டோரியாவின் கை நிற்கவில்லை. துணி ஈட்டியின் நுனிவரை போய்த் திரும்பி வந்தது. அவள் கத்துவாள், மயிரைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்து அவன் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

"மாசியிலேர்ந்து ஐப்பசி வரிக்கும்" என்றாள் கடைசியில். "அந்த ஆளு சோத்துல கை வெச்சிட்டு துன்னாமலே எழுந்துடுவாரு. தூக்கத்துல, ஒரே கிளாசு, ஒரே கிளாசும்பாரு. நேரா உங்கிட்டயே வந்து கேட்டாரே. இல்ல மாமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கி அந்த மூலையில குந்திக்கினு இருப்பாரு. அவருக்கு மீன் வறுத்துக் குடுத்துக்கினு இருப்பேன்."

ஈட்டியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் துடைத்தாள்.

"படகு கட்டிக்கினுதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். அவர ஊட்ல காணமேன்னு தேடிக்கினு வந்தவ, தாழம்பொதருகிட்ட நின்னுக்கினு இருந்தேன். நீ தூக்கியாந்து போட்டத பாத்தேன். படகக் கவுத்ததையும் பாத்தேன். அவருக்கு ஒரு குழி கெடைக்கணும்னு பொய் சொன்னியே, மகராசன்னு அன்னிலேர்ந்து தெனம் செபத்துல உம் பேர சொல்லிக்கினு வரேன்." மெழுகுவத்தியைப் பார்த்தாள். "இன்னிக்கி காத்தாலகூட சொன்னேன்."

அப்போதுதான் தேசப்பனுக்கு அழுகை வந்தது. மாசியில் வந்திருக்க வேண்டிய அழுகை. தரையில் நெற்றி படக் குனிந்து, "பொறுத்துக்கோ அத்த. பொறுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. மில்லுல போயி நெசத்த சொல்லிடுறேன், ஊருக்கு முன்னால சொல்லிடுறேன். அந்த ஒரு வார்த்த சொல்லு அத்த" என்று விம்மினான்.

விக்டோரியா ஈட்டியை மடியிலிருந்து எடுத்து அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

"அந்த வார்த்தய சொல்றவர நீ ஏரியிலேர்ந்து தூக்கியாந்துட்ட. நாடகத்துல எனக்கு வசனம் இல்ல தேசா. எடுத்துக்கினு போ. இத வெக்க இனிமே இந்த ஊட்ல எடம் இல்ல."

அவன் அங்கியைத் தொடவில்லை. ஈட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். நல்ல வெயில் ஏறியிருந்தது. அம்மன் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த பூவம்மாள் நின்று பார்த்தாள்.

"இன்னா தேசப்பா, புது நாளைக்கி இன்னும் ஆறு மாசம் கீதே. இப்பவே ஈட்டிய தூக்கிக்கினு யார குத்தப் போற?"

கேலியாகத்தான் கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனாள். தன் வீட்டு வாசலில் போய் நின்றான். ஈட்டி சேவகன் வீட்டில் தங்கக்கூடாது. இத்தனை தலைமுறையில் ஒருநாளும் தங்கியதில்லை. உள்ளேயிருந்து செங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். ஈட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உள்ளே வா என்று அவளும் சொல்லவில்லை.